மார்லிஸ் பார்த்த நெஞ்சு

மார்லிஸ் ஹாகனுக்கு கிரானைட் பே ஊரில் பாதிப் பேரின் எலும்பும் நுரையீரலும் தெரியும், முகம் தெரியாது. காலையில் ஒருவரின் கல்லீரல் கட்டியைப் பற்றி எழுதியிருப்பாள். சாயங்காலம் கடையில் அவரே எதிரே வந்தாலும், யாரென்று அறியாமல் பனியைத் திட்டிப் பேசிவிட்டு நகர்வாள். அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்து வடகோடியில், ஏரியை ஒட்டிய ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில், இருட்டறையில் உட்கார்ந்து ஸ்கேன் படங்களைப் படித்துச் சொல்வது அவள் வேலை. படித்த படத்துக்கு ஏற்ற ஊதியம். அதில் குழம்ப ஒன்றுமில்லை.

குழப்பம் காப்பீட்டு நிறுவனத்தின் புது ஒப்பந்தத்தோடு வந்தது. அவர்கள் குழுவின் தலைவர் கார்டன் பெட்ராக், காட்டரிசி சூப்பும் ரொட்டியும் வரவழைத்து, எல்லோரையும் உட்காரவைத்துச் சொன்னார்.

"இனிமே எத்தனை படம் படிச்சோம்னு யாரும் கேக்கப் போறதில்ல. நோயாளிக்கு நல்லது நடந்துச்சான்னுதான் கேப்பாங்க. அதுக்குத்தான் காசு."

"நல்லது நடந்துச்சான்னு எனக்கு எப்படித் தெரியும் கார்டன்? நான் ஆளையே பாக்கிறதில்லையே!"

"கம்ப்யூட்டர் சொல்லும்மா. பச்சைன்னா நல்லது, சிவப்புன்னா கெட்டது."

முதல் மாதமே அவள் பெயருக்கு எதிரே சிவப்பு. ஒரு படத்தைக்கூட அவள் தப்பாகப் படிக்கவில்லை. ஆனால் சந்தேகமான இடங்களில் எல்லாம் 'தேவைப்பட்டால் மறுபடி பார்க்கவும்' என்று எழுதி முடித்திருந்தாள். தேவையா இல்லையா என்று யாரும் முடிவெடுக்கவில்லை. அந்த நோயாளிகளில் பலர் திரும்பி வரவேயில்லை. 'எப்போது, எந்தப் படம் என்று தெளிவாக எழுது' என்றார்கள். எழுதினாள். அடுத்த மாதம் மஞ்சள்: தேவைக்கு மேல் மறுபடம் கேட்கிறாளாம்.

"கூடக் கேட்டாலும் தப்பு, குறைச்சாலும் தப்பு. நான் என்னதான் பண்ணட்டும்?"

பெட்ராக் அந்த மாதக் கூட்டத்துக்கும் வரவழைத்த சூப்பைக் குடிப்பதில் மும்முரமாகிவிட்டார். அவருக்கும் தெரியவில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

திரும்பி வராதவர்களைக் கூப்பிட்டுப் பேசவென்றே ரெனாட்டா என்ற நர்ஸைப் புதிதாக வேலைக்கு வைத்தார்கள். ஒருநாள் அவள் இருட்டறைக்குள் எட்டிப்பார்த்தாள்.

"டாக்டர், ஆர்விட் சுண்ட்வால்னு ஒருத்தர். வழுக்கி விழுந்து விலா உடைஞ்சப்போ எடுத்த படத்துல, நுரையீரல்ல ஒரு புள்ளி இருக்குன்னு எழுதினது நீங்கதான். போன் பண்ணினா 'வேற வேலை இல்லையா'ன்னு வெச்சிடறாரு."

மார்லிஸ் படத்தை எடுத்துப் பார்த்தாள். பட்டாணி அளவில் ஒரு வெள்ளைப் புள்ளி. கீழே அவள் எழுதிய அதே பழைய வரி. தானே போன் செய்தாள். "பேசணும்னா ஹாக்கி அரங்கத்துக்கு வாங்க" என்றார் அவர்.

அங்கே ஹாக்கி ஆடும் ஐஸ் தளத்தை இழைத்து மெழுகும் வண்டியை ஓட்டுபவர் ஆர்விட். அறுபதைத் தாண்டிய, தோள் அகன்ற மனிதர். வண்டியை ஓரம்கட்டிவிட்டு இறங்கி வந்தார்.

"என் நெஞ்சுக்குள்ள பாத்தது நீங்கதானா? மூஞ்சியைப் பாக்காமலே உள்ள வரைக்கும் போயிட்டீங்களே டாக்டரம்மா! என் பொண்டாட்டியே அவ்வளவு தூரம் போனதில்ல."

"உள்ள ஒரு புள்ளி இருக்கு. ஒண்ணுமில்லாமலும் இருக்கலாம்."

"ஒண்ணுமில்லைன்னா எதுக்கு வந்தீங்க?"

அவருக்காக வந்தேனா, என் பெயருக்கு எதிரே விழுந்த சிவப்புக்காக வந்தேனா என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். "இருந்துட்டா என்ன பண்றதுன்னு பயந்து வந்தேன்" என்றாள் கடைசியில். அந்த வார்த்தைக்காகவே அவர் மறுபடம் எடுக்கச் சம்மதித்தார்.

புதுப் படத்தில் புள்ளி கொஞ்சம் வளர்ந்தது போலவும் இருந்தது, வளராதது போலவும் இருந்தது. குழுவில் இரண்டு டாக்டர்களிடம் காட்டினாள், ஆளுக்கொன்று சொன்னார்கள். ஊசி விட்டுத் துளி சதை எடுத்துவிடலாம் என்று முடிவாயிற்று. ஊசி பட்ட இடத்தில் காற்றுக் கசிந்து நுரையீரல் சுருங்கிப்போக, விலா எலும்புகளுக்கிடையே குழாய் செருகி அவரைப் படுக்கவைக்க வேண்டியதாயிற்று.

புற்று இல்லை. ஈரமண்ணிலிருந்து எப்போதோ மூச்சில் ஏறிய பூஞ்சை விட்டுப்போன தழும்பு.

ஆர்விட்டின் மனைவி டோரத்தி வார்டு வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். "நல்லா நடமாடிட்டு இருந்த மனுஷனைப் படுக்கவெச்சிட்டீங்களே! உங்களுக்கு இப்ப திருப்திதானே?"

உள்ளேயிருந்து ஆர்விட் குரல் கொடுத்தார். "விடு டோரத்தி. இனிமே நிம்மதியாத் தூங்கலாமில்ல?"

"நேத்து வரைக்கும் நீ குறட்டை விட்டுத்தானே தூங்கினே!"

கணவன் சொன்னது, மனைவி சொன்னது இரண்டுமே சரியாகத்தான் பட்டது மார்லிஸுக்கு. அந்த மாதம் அவள் பெயருக்குப் பச்சை விழுந்தது. விட்டுப்போன நோயாளியைத் திரும்ப வரவழைத்தாளாம். பெட்ராக் கைகுலுக்கினார். அந்தக் குழாயை எந்த நிறத்தில் கணக்கு வைத்தார்கள் என்று கேட்டாள். "அது வேற பிரிவு, நம்ம கணக்குல வராது" என்றார். அவளுக்குச் சிரிப்பு வந்தது.

வேலையை விட்டுவிடலாமா என்று சில நாள் யோசித்தாள். விடவில்லை. பெட்ராக்கிடம் போய், வாரத்தில் ஒரு மத்தியானம் மேல்தளத்தில், ஜன்னல் உள்ள ஓர் அறை வேண்டுமென்று கேட்டாள். யாருக்கு வேண்டுமானாலும் அவர்கள் படத்தைக் காட்டி அங்கே பேசுவாள்.

"இதுக்கு ஒப்பந்தத்துல இடமில்லையே மார்லிஸ்."

"தெரியும்."

அவர் தலையைச் சொறிந்துகொண்டே சாவியைக் கொடுத்தார்.

முதலில் வந்தவள் ஒரு பள்ளி வாகன ஓட்டுநர். சிறுநீரகத்தில் ஏதோ நிழல். கோட்டைக்கூடக் கழற்றாமல் நின்றாள்.

"டாக்டர், இதை நான் கிளறணுமா, சும்மா விடலாமா? ஒரே வார்த்தையில சொல்லுங்க."

"ஒரே வார்த்தையில எனக்குத் தெரியாதும்மா" என்றாள் மார்லிஸ். இன்னொரு நாற்காலியைத் திரைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டாள். "கோட்டைக் கழட்டிட்டு உக்காரு. ரெண்டு பேருமாப் பாப்போம்."