ஐந்தாம் தொட்டியில் ஊற்றிய தண்ணீர்

ஞாயிறு காலை ஏழரை மணிக்கு பர் துபாய் குபைபா நிலையத்தில் அல் அய்ன் பஸ் ஏறினேன். இருபத்தைந்து திர்ஹம், ஏறக்குறைய நூற்று நாற்பது கிலோமீட்டர். முதுகுளத்தூரில் என்னோடு படித்த செல்வம் அங்கே ஒரு மீன் பண்ணையில் வேலை செய்கிறான். செவ்வாய்க்கிழமை திருச்சி விமானத்தில் எங்கள் இருவருக்கும் அடுத்தடுத்த இருக்கை. தன் எட்டு மாதக் குழந்தையை அவன் இன்னும் நேரில் பார்த்ததில்லை. பாலைவனத்தில் மீன் வளர்க்கிறார்களாம். நம்பாமல்தான் பார்க்கக் கிளம்பினேன்.

பத்தரைக்குப் போய்ச் சேர்ந்தேன். மணல்மேடுகளுக்கு நடுவே தகரக் கொட்டகை, உள்ளே ஆறு தொட்டி, எல்லாம் ஆப்பிரிக்க ஜிலேபி மீன். செல்வம் மூன்றாம் தொட்டியில் ஒன்றைப் பிடித்து, செட்டைக்கு அடியில் காட்டினான். நசுக்கிய துவரம்பருப்பு போல ஒன்று நகர்ந்தது.

"மீன் பேன் மாப்ள. ஆப்பிரிக்காவுல இருந்து வந்த குஞ்சோட வந்துருச்சு. ரத்தத்த உறிஞ்சும். மீன விட்டாலும் தண்ணியில நீந்திக்கிட்டுக் கெடக்கும்."

"மத்த தொட்டியில?"

"மாஃபி, கெடையாது. அதெல்லாம் சுத்தமா இருந்தாத்தான் எனக்கு லீவு. இல்லைன்னா மருந்து போட்டு முடியிற வரைக்கும் நகர முடியாது."

பன்னிரண்டு மணி. சமையலுக்கு மூன்றாம் தொட்டி மீன்தான். பேனைச் சுரண்டிக் கழுவினால் ஒன்றும் செய்யாது என்று நாலைந்தை எடுத்துக்கொண்டு அவன் ரூமுக்குள் போனான். மீன் பிடித்துப் போட்டிருந்த வாளியில் அந்தத் தொட்டித் தண்ணீர் பாதி மிச்சம். தண்ணீர் லாரிக்குக் காத்துக் கிடக்கிற ஊர்க்காரன் நான். தரையில் கொட்ட மனம் வரவில்லை. பக்கத்திலிருந்த ஐந்தாம் தொட்டியில் ஊற்றினேன். நீந்தும் என்று அவன் சொன்னது அதற்குப் பிறகுதான் உறைத்தது.

போய்ச் சொன்னேன். அடுப்பை அணைத்துவிட்டு வந்து தொட்டியையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"யாருக்கும் தெரியாதுல்ல, விட்ரு" என்றேன். சொன்னது எனக்கே அசிங்கமாக இருந்தது.

"நான் போன பெறகு பரவும். இங்க என்கூட வேலை பாக்குற பெங்காலி தலையில விழும்" என்றவன் மேனேஜருக்குப் போன் செய்தான். இந்தியில் நாலே வார்த்தை. கலாஸ், முடிந்தது; லீவு போயிற்று.

மாலை நான்கு. பண்ணை வண்டியில் பஸ் நிலையம் வரை வந்து ஒரு சிறு பொட்டலத்தைக் கொடுத்தான். வெள்ளிக் கொலுசு.

"நீயே புள்ள கால்ல போட்டுவிடு. வீடியோ எடுத்து அனுப்பு. புது ஆளுன்னா அழுவா, பயந்துக்காத."

திரும்பவும் அதே இருபத்தைந்து திர்ஹம். எங்கள் ஊரில் ஒரு வாளித் தண்ணீரைத் தரையில் கொட்டினால் கண்டபடி திட்டு விழும். இங்கே கொட்டாததற்கு அவன் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

புதன்கிழமை ஊரில் அவன் வீட்டுக்குப் போய்க் கொலுசு போட்டேன். குழந்தை அழவில்லை, என் விரலைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. அந்த வீடியோவை அனுப்ப எனக்கு ஒரு நாள் பிடித்தது.