மார்ச் வரைக்கும்

உதவி கேட்டு வந்த ஒரு பெண்ணை என் ஆராய்ச்சிக்காகத் திருப்பி அனுப்பினேன். ரகசியம் காப்பதாக அதற்குக் காரணமும் சொன்னேன். நான் செய்த தவறு இதுதான்.

தொண்ணூறுகளின் நடுவில் பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் உளவியல் கற்பித்துக்கொண்டிருந்தேன். ஐம்பதை நெருங்கும் வயதில் முனைவர் பட்டத்துக்குப் பதிந்திருந்தேன். என் பொருள் உணர்வுச் சோர்வு. பிறரைப் பராமரிக்கும் வேலையில் சிலருக்கு உடம்பு ஓயும் முன்பே மனம் தீர்ந்துபோகிறது; இரக்கம் வற்றிவிடுகிறது. அது மாதத்துக்கு மாதம் எப்படி ஏறுகிறது என்று அளக்க நினைத்தேன். மனவளர்ச்சி குன்றிய குழந்தைகளுக்கான மிஷன் விடுதிப் பள்ளி ஒன்றில் ஆசிரியைகளுக்கு ஆகஸ்டில் ஒரு வினாத்தாள், மார்ச்சில் அதே வினாத்தாள் மறுபடியும். தாளில் பெயர் இருக்காது, எண் மட்டும். எந்த எண் யாருடையது என்ற பட்டியல் என் மேசை இழுப்பறையில் இருந்தது.

ஆகஸ்டில் வந்த தாள்கள் ஏறக்குறைய எல்லாமே ஒரே மாதிரி. தாளாளரின் அறையிலேயே உட்கார்ந்து நிரப்பியவர்கள், சலிப்பு ஒருபோதும் இல்லை என்று வரிசையாகக் குறி போட்டிருந்தார்கள். ஊழியம் செய்கிறவர்கள் சலிப்பைச் சொல்வது அங்கே மரியாதை இல்லை. பதினேழாம் எண் தாள் மட்டும் வேறாக இருந்தது. 'குழந்தை அழுதால் எனக்கு ஒன்றும் தோன்றுவதில்லை' என்ற வரிக்கு எதிரே முதலில் 'ஒருபோதும் இல்லை' என்று குறித்து, அதை அடித்துவிட்டு, 'தினமும்' என்ற கடைசிக் கட்டத்தில் குறி போட்டிருந்தார்.

தீபாவளி கழிந்து அந்த ஆசிரியை கல்லூரிக்கே என்னைத் தேடி வந்தார். முப்பது வயதிருக்கும். பகலில் வகுப்பு, மற்ற நேரமெல்லாம் விடுதி. இரண்டு மாதம் தையல் பிரிவுக்கு மாற்றச் சொல்லிக் கேட்டதற்கு, ஜெபம் பண்ணச் சொன்னார்களாம்.

"நான் சொன்னா நம்ப மாட்டேங்காவ சார். நீங்க ஒரு வரி எழுதித் தாங்க. என் பேரைப் போட்டே எழுதுங்க. பிள்ளைக மேல கை தன்னால ஓங்குது, பயமா இருக்கு."

ஆய்வு விதிப்படி யார் தாளையும் வெளியே சொல்ல முடியாது என்றேன். அவரே சம்மதிக்கும்போது அந்த விதி பொருந்தாது என்பது எனக்குத் தெரியும். அவரைத் தையலுக்கு மாற்றினால் மார்ச் தாள் கெட்டுவிடும். சோர்வு ஏறுவதைக் காட்ட என்னிடம் இருந்தது அந்த ஒரு தாள்தான். மார்ச் வரைக்கும் சமாளியுங்கள், பிறகு நானே தாளாளரிடம் பேசுகிறேன் என்றேன். தலையாட்டிவிட்டுப் போனார்.

மார்ச்சில் பதினேழாம் தாளில் எல்லாக் குறிகளும் கடைசிக் கட்டத்தில் இருந்தன. அன்று டவுணில் அல்வா வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். தாளாளரிடம் பேசுவதை, விடைத்தாள் திருத்தும் வேலை முடியட்டும் என்று தள்ளிப்போட்டேன். பத்து நாளைக்குள், சாப்பிட மறுத்த ஒரு சிறுமியை அந்த ஆசிரியை கையைப் பிடித்து இழுத்திருக்கிறார். பிள்ளை விழுந்து மணிக்கட்டு முறிந்தது. அவரைத் தற்காலிகமாக நீக்கினார்கள்.

ஜூலையில் விசாரணை என்று கேள்விப்பட்டு, அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல், இரண்டு தாள்களையும் எடுத்துக்கொண்டு தாளாளரிடம் போனேன். இது கொடுமை இல்லை, நோய். தெரிந்தும் மறைத்தவன் நான் என்று சொன்னேன். தாளாளர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பைய வாசித்தார். அந்த வரியில் விரலை வைத்தார்.

"பிள்ளை அழுதா ஒண்ணும் தோணலைன்னு அவளே எழுதியிருக்கா. ஆகஸ்டுலயே. அப்போ இது அன்னைக்கு வந்த கோவம் இல்ல, பாத்தியளா?"

தாள்களை வைத்துவிட்டுப் போகச் சொன்னார். வைத்துவிட்டு வந்தேன். அவற்றைச் சான்றாகக் கோப்பில் சேர்த்து அவரை வேலையை விட்டே எடுத்தார்கள். வேறு பள்ளிகளும் சேர்க்கவில்லை. எனக்குப் பட்டம் கிடைத்தது.

அடுத்த வருஷம் அந்த ஆசிரியையின் ஊரான முக்கூடலுக்குப் போனேன். அவர் தன் அண்ணன் வீட்டில் இருந்தார். மடியில் பீடித் தட்டு. நான் யாரென்று தெரிந்ததும் அந்த அண்ணன், "வாரும் வே. நெரப்புததுக்கு இன்னும் பேப்பர் இருக்கா?" என்று கேட்டுவிட்டு வெளியே போய்விட்டார்.

மன்னிப்புக் கேட்டேன். அவர் கை நிற்கவில்லை. இலையைச் சுருட்டி, நூலைச் சுற்றி, தட்டில் போட்டுக்கொண்டே இருந்தார்.

"மார்ச் வரைக்கும் இருந்தேன்லா சார்" என்றார். குறையாகச் சொல்லவில்லை. அடுத்த இலையை எடுத்தபடி, "அந்தப் பிள்ளைக்குக் கை நேராயிட்டா?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. அந்தப் பள்ளிக்குள் போய்வந்தவன், சிறுமியைப் பற்றி யாரிடமும் கேட்டிருக்கவில்லை. விசாரித்து வந்து சொல்கிறேன் என்றேன்.

விசாரித்தேன். அவளை அப்பா வந்து கூட்டிக்கொண்டு போய்விட்டார், எந்த ஊர் என்று தெரியாது என்றார்கள். அதைச் சொல்ல முக்கூடலுக்கு நான் திரும்பப் போகவே இல்லை.