முப்பிடாதியைப் பற்றி ஒரு கதை எழுதினேன்

கதை எழுதுகிறவர்களுக்கு யார் வேண்டுமானாலும் யோசனை சொல்லலாம். ஆசாரியிடம் போய் உளியை இப்படிப் பிடி என்று ஒருவரும் சொல்வதில்லை. எங்களிடம் மட்டும் கூசாமல் சொல்வார்கள்.

நீங்களும் எழுதுகிறவர் என்றால் இதைப் படித்துத் தலையாட்டுவீர்கள். எழுதாதவராக இருந்தாலும் பரவாயில்லை. ஆபீசில் நடக்கக் கூடாதது நடக்கும்போது பைலுக்குள் தலையை விட்டுக்கொண்ட அனுபவம் ஒன்று இருந்தால் போதும், நாம் ஒரே கட்சிதான்.

யார் வாசிப்பார்கள்?

திருவனந்தபுரத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் இருபத்திரண்டு வருஷமாக நான் கிளார்க். தாத்தா காலத்தில் திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்த குடும்பம். ஆபீசில் மலையாளம், வீட்டில் தமிழ், எழுதுவதும் தமிழ். இரண்டு சிறுகதைத் தொகுப்பு வந்திருக்கிறது. நான் எழுதுவது ஆபீசில் எல்லோருக்கும் தெரியும். சிலருக்கு ஊறுகாய் நன்றாகப் போட வரும் என்று தெரிந்து வைத்திருப்பார்கள் இல்லையா, அந்த மாதிரி.

எங்கள் செக்‌ஷன் சூப்பிரண்டு கோபகுமார். அவரைப் பிடிக்காதவர்களே கிடையாது. யாராவது ஆஸ்பத்திரியில் படுத்தால் முதலில் போய் நிற்பவர் அவர். ஓணத்துக்கு எல்லோருக்கும் சிப்ஸ் வாங்கி வருவார். நாள் முழுக்க தமாஷ். என் முதல் புத்தகத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். முன்னட்டையைப் பார்த்தார், பின்னட்டையில் என் போட்டோவைப் பார்த்தார், திருப்பிக் கொடுத்துவிட்டார். என்னிடம் பேசும்போது மட்டும் ஒரு மாதிரித் தமிழ் கலந்து பேசுவார்.

“போட்டோ கொள்ளாம், நல்லா இருக்கு. ஆனா தமிழ்ல எழுதினா ஆரு சேச்சி வாசிக்கும்?”

இன்னொரு தடவை சொல்லு

முப்பிடாதி எங்கள் மாடியைப் பெருக்கித் துடைக்க கான்டிராக்டில் வந்தவள். கடையநல்லூர்ப் பக்கத்துக்காரி, முப்பத்தைந்து வயதிருக்கும். புருஷனுக்குப் பக்கத்தில் கழக்கூட்டம் என்ற ஊரில் கட்டட வேலை. முப்பிடாதி அம்மன் பேரை அங்கே வீட்டுக்கு ஒருத்திக்கு வைப்பார்கள். கோபகுமார் சாருக்கு மட்டும் அந்தப் பேர் காதில் விழுந்ததுமே சிரிப்பு வந்துவிட்டது. முதல் நாளே மூன்று தடவை சொல்ல வைத்தார். பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. தினம் காலையில் அவள் வாளியோடு உள்ளே வந்ததும், “பேரென்னா? ஒன்னுகூடிப் பற” என்பார். அவள் இன்னொரு தடவை சொல்வாள். ரூமே சிரிக்கும். நாளாக ஆக, முப்பிடாதி போய் வெறும் ‘பிராந்தி’ ஆனாள். பிராந்தி என்றால் மலையாளத்தில் பைத்தியக்காரி.

ஒருநாள் வேறு ஆபீசிலிருந்து இரண்டு பேர் வந்திருந்தார்கள். அவர்களுக்குக் காட்டுவதற்காக அவளைக் கூப்பிட்டு, ரூமின் நடுவில் துடைப்பானோடு நிற்க வைத்து, பேரைச் சொல்லச் சொன்னார். சொன்னாள். கேட்கவில்லை, உரக்கச் சொல் என்றார். உரக்கச் சொன்னாள். இனி பாட்டாகச் சொல் என்றார். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். “பாண்டிக்குப் பாட்டும் வராதா?” என்றார். தமிழ்க்காரர்களுக்கு இங்கே மட்டமாக வைத்திருக்கிற பேர் பாண்டி. எல்லோரும் சிரித்தார்கள். மத்தியானம் கை கழுவுகிற இடத்தில் என்னைத் தனியாகப் பிடித்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்.

“பிராந்தி பிராந்திங்காரே, நான் குடிக்கிறவள்னு நெனச்சிட்டாராக்கா?”

வாசகருக்குப் பாவம் வர வேண்டும்

அவளுக்கு அர்த்தம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. “சும்மா விளையாட்டுக்குச் சொல்றாரு, விடு” என்று மழுப்பிவிட்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் ஆத்திரம் பொங்கியது. ஒரே வாரத்தில் கதையை எழுதி முடித்தேன். கதையில் அவளுக்கு வேறு பேர். சூப்பிரண்டு அடையாளம் தெரியக் கூடாது என்று அவருக்கு ஒரு வழுக்கைத் தலையை வைத்தேன். பாட்டாகச் சொல் என்றதும், கதையில் வருகிற பெண் தரையைப் பார்க்கவில்லை. துடைத்த அழுக்குத் தண்ணீரை வாளியோடு தூக்கி அவர் மேஜை மேல் கவிழ்க்கிறாள். பைல், போன், சாப்பாட்டு டப்பா எல்லாம் மிதக்கின்றன. அதை எழுதிவிட்டு, ஏதோ நானே கவிழ்த்த மாதிரி திருப்தியாக ஒரு காபி போட்டுக் குடித்தேன்.

கதையை அனுப்பியிருந்த பத்திரிகையின் ஆசிரியர் போன் செய்தார். கதை பிரமாதமாம், முடிவு மட்டும் கொஞ்சம் கரடுமுரடாக இருக்கிறதாம். வாளியைக் கவிழ்க்காமல், அவள் அழுதுகொண்டே அவருடைய மேஜையையும் துடைத்துவிட்டுப் போவதாக மாற்ற முடியுமா என்றார். எதற்கு என்று கேட்டேன். அடி வாங்குகிறவள் எப்படி நின்று வாங்க வேண்டும் என்று கூடவா ஒருத்தர் சொல்லித் தருவார்? மாற்ற மாட்டேன் என்றதும் பெருமூச்சு விட்டார். கடைசியில் மாற்றாமல்தான் போட்டார். ஆனால் போனை வைப்பதற்கு முன் சொன்னது இது:

“பாதிக்கப்பட்டவ இவ்வளவு கோபப்பட்டா வாசகருக்குப் பாவமே வராதே மேடம்!”

நம்மைச் சேர்த்துச் சொல்கிறார்கள்

கதை வந்த மாதம், கிழக்கேகோட்டைப் பக்கம் ஒரு சின்ன ஹாலில் தமிழ்க்காரர்கள் சிலர் கூடி அதைப் பற்றிப் பேசினார்கள். மொத்தம் இருபது நாற்காலி. தலைமை தாங்கியவர் ஓய்வு பெற்ற பாங்க் அதிகாரி. இந்த ஊரில் மூன்று தலைமுறையாக இருக்கிறார், வீட்டில் இன்னும் பழைய அக்கிரகாரத் தமிழ்தான். கதையில் எங்கெங்கே ஒற்று விட்டுப்போயிருக்கிறது என்று பென்சிலால் வட்டம் போட்டுக் கொண்டுவந்திருந்தார். அது நியாயம், வாங்கிக்கொண்டேன். பிறகு விஷயத்துக்கு வந்தார். சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் தன்னையும் பாண்டி என்று கூப்பிட்டிருக்கிறார்கள் என்று சொன்னார். இவராவது புரிந்துகொண்டாரே என்று நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே பேச்சை முடித்தார்.

“கொத்தனார் வேலைக்கும் கூட்ற வேலைக்கும் இவாள்ளாம் வந்து குமிஞ்சதாலதானேம்மா நம்மளையும் சேத்து அப்படிச் சொல்றா?”

வழுக்கை

நண்பர் ஒருவர் கதையை மலையாளத்தில் மொழிபெயர்த்தார். ஒரு வார இதழில் வந்தது. அன்று ஆபீசில் ஏழெட்டுப் பிரதி கைமாறிப் போனது. இருபத்திரண்டு வருஷத்தில் என் கதை ஒன்றை அந்த ரூம் வாசித்தது அன்றுதான். கோபகுமார் சார் இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை. மூன்றாம் நாள் மேஜைக்கு முன்னால் வந்து நின்றார். இப்போதாவது ஒரு வார்த்தை வருத்தம் தெரிவிப்பார், அதை முப்பிடாதியிடம் போய்ச் சொல்லச் சொல்ல வேண்டும் என்று நான் மனசுக்குள் வசனம் தயார் செய்துகொண்டிருந்தேன். அவர் தலையைக் குனிந்து, அடர்த்தியான முடியை விரலால் விலக்கிக் காட்டினார்.

“அதெல்லாம் போகட்டே சேச்சி. எனக்கு எவிடெ வழுக்கை?”

மெம்பர் இல்லாதவள்

எங்கள் ஆபீசில் இரண்டு சங்கம். ஒன்று ஆளும் கட்சியின் பக்கம், மற்றது எதிர்க்கட்சியின் பக்கம். கோபகுமார் சார் முதல் சங்கத்தில் முக்கியமான ஆள். அந்தச் சங்கத்துக்காரர் என்னிடம் வந்து, தேர்தல் நேரத்தில் இந்தக் கதையை எழுதச் சொல்லித் தூண்டியது யார் என்று கேட்டார். கதையை யாராவது தூண்டித்தான் எழுத வேண்டுமா? ஒரு பெண்ணை நடு ரூமில் நிற்க வைத்துப் பாடச் சொன்னது அவர் கண்ணில் படவில்லை, பின்னால் எந்தக் கை இருக்கிறது என்பதுதான் கவலை.

மறுநாளே எதிர்ச் சங்கத்துக்காரர் வந்தார். சிரித்த முகம். மலையாளத்தில் சேச்சி சேச்சி என்று உருகினார். ஆபீஸ் வாசலில் கூட்டம் போடுகிறார்களாம், தொழிலாளி விரோதப் போக்கைக் கண்டித்து நான் பேச வேண்டுமாம். மைக், பானர் எல்லாம் தயார். எனக்கு ஒரு நிமிஷம் சந்தோஷமாகத்தான் இருந்தது. முப்பிடாதியையும் மேடையில் உட்கார வைப்போமே, அவளும் இரண்டு வார்த்தை பேசட்டும் என்றேன். அவருடைய சிரிப்பு மெல்லக் குறைந்தது.

“அது வேண்டாம் சேச்சி. அவங்க கான்டிராக்ட் ஸ்டாஃப் அல்லே, நம்ம மெம்பர் இல்லல்லோ.”

அதை மட்டும் எழுதவில்லை

அடுத்த திங்கட்கிழமை வாளியோடு வேறொரு பெண் வந்தாள். ஆபீஸ் விஷயத்தை வெளியே சொல்லிக் கதை எழுத வைத்தாள் என்று சொல்லி, கான்டிராக்டர் முப்பிடாதியை நிறுத்திவிட்டார். அவள் என்னிடம் புகாராக ஒரு வார்த்தை சொன்னதில்லை. நடந்ததையெல்லாம் நான் என் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தேன். எனக்கு வேலை போகவில்லை, பேர்தான் வந்தது. அவளுக்குப் பேரும் போய் வேலையும் போனது.

விசாரித்துக்கொண்டு சனிக்கிழமை அவள் வீட்டுக்குப் போனேன். சாலைக் கடைவீதிக்குப் பின்னால் வரிசையாக ஒற்றை ரூம் வீடுகள். திட்டுவாள் என்று நினைத்துப் போனேன். உட்காரச் சொல்லி கட்டன் சாயா போட்டுக் கொடுத்தாள். டிவி மேல் என் கதை வந்த தமிழ்ப் பத்திரிகை இருந்தது. ஆபீசில் எல்லோரும் பார்க்கட்டும் என்று நான் சாப்பாட்டு ரூம் அலமாரியில் வைத்து, ஒருவரும் தொடாமல் கிடந்த பிரதி அது. “உனக்கு வாசிக்க வருமா?” என்று கேட்டுவிட்டேன். கேட்ட பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். “ஒம்பது வரைக்கும் படிச்சிருக்கேன்லாக்கா” என்றாள். தமிழை யாரும் வாசிப்பதில்லை என்று அத்தனை வருஷம் புலம்பிக்கொண்டிருந்த எனக்கு, தினம் என் காலடியைத் துடைத்துக்கொண்டு ஒரு வாசகி இருந்தது தெரியவில்லை.

கதை நல்லா இருக்கிறது என்றாள். வாளியைக் கவிழ்க்கிற இடத்தில் வாய்விட்டுச் சிரித்தாளாம், புருஷனுக்கும் வாசித்துக் காட்டினாளாம். பிறகு பத்திரிகையை எடுத்து, அந்தப் பக்கத்தைப் புரட்டி, விரலை வைத்துக்கொண்டு, கோபமே இல்லாமல் கேட்டாள்.

“எல்லாரும் சிரிச்சாங்கன்னு எழுதிருக்கிய. அன்னைக்கு நீங்களும் சிரிச்சியளே, அத மட்டும் ஏன் எழுதலக்கா?”

ஒரு பக்கம்

சிரித்தேன். பெரிதாக ஒன்றும் இல்லை, பல் தெரியாமல், சூப்பிரண்டு முகம் சுளிக்கக் கூடாதே என்று ஒரு சிரிப்பு. இதை எழுதும்போதுகூட மேலே ‘எல்லோரும் சிரித்தார்கள்’ என்று போட்டுத் தாண்டி வந்துவிட்டேன், பாருங்கள். பஸ்ஸில் திரும்பி வரும்போது எனக்கு வந்த கோபம் கோபகுமார் மேல் இல்லை, சங்கங்கள் மேலும் இல்லை. பாவம் வர வேண்டும் என்ற ஆசிரியரை அவ்வளவு திட்டினேனே, அவராவது அந்த ரூமில் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து மலையாளத்தில் ஒரு பக்கப் புகார் எழுதினேன். என்ன நடந்தது, யார் என்ன சொன்னார், முப்பிடாதி யாரிடமும் எதுவும் சொல்லவில்லை என்பது. நடுவில் ஒரு வரி: ‘அப்போது நானும் சிரித்தேன்.’ திங்கட்கிழமை எங்கள் மேலதிகாரி அம்மாவிடம் நேரில் கொடுத்தேன். அவர் இரண்டு தடவை படித்துவிட்டு, அந்த வரியை எடுத்துவிடுங்கள், உங்களுக்கே பாதகமாகும் என்றார். இருக்கட்டும் என்றேன். விசாரணை நடந்தது. செக்‌ஷனில் எல்லோரும் எதுவும் காதில் விழவில்லை என்றார்கள். டைப்பிஸ்ட் ஷைலஜா மட்டும் நானும் கேட்டேன், நானும் சிரித்தேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். கோபகுமார் சாருக்கு மெமோ கொடுத்து மேல்மாடிக்கு மாற்றினார்கள். முப்பிடாதியைத் திரும்ப எடுக்கச் சொல்லி கான்டிராக்டருக்கு உத்தரவு போனது. இப்போது சாப்பாட்டு ரூமில் எங்கள் மேஜையில் நானும் ஷைலஜாவும் மட்டும்தான்.

விஷயத்தைச் சொல்ல மறுபடியும் முப்பிடாதி வீட்டுக்குப் போனேன். வேலைக்குத் திரும்பினாலும் மாடிப்படியில்கூடக் கோபகுமார் சார் முகத்தில் விழிக்க வேண்டாமே, கீழ்த்தளத்தில் போடச் சொல்லிக் கேட்கட்டுமா என்றேன். துணி மடித்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள்.

“நான் எதுக்குக்கா ஒளியணும்? அந்த மேல்மாடியையும் எனக்கே போடச் சொல்லுங்க, தெனமும் என் மூஞ்சியப் பாத்துட்டுத்தான் அவரு சேர்ல உக்காரணும்.”

இரண்டு தொகுப்பும் எண்ணிப் பார்க்காத பக்கங்களும் எழுதித் தள்ளியதில் என் உருப்படியான ஒரே படைப்பு, கதை என்ற பேர்கூட இல்லாமல், இரண்டு எழுத்துப் பிழையோடு, சீல் குத்தப்பட்டு ஆபீஸ் பைலில் இருக்கிற அந்த ஒரு பக்கம்தான்.