வெள்ளாற்று முகத்தில் புதைத்த தூக்கு

காலை ஒன்பது நாற்பது. முதலில் கண்ணில் பட்டது ஒரு நீலப் படகு. மூக்கு மணலிலும் வால் தண்ணீரிலுமாகச் சாய்ந்து கிடந்தது.

பரங்கிப்பேட்டைக்குப் பக்கத்தில் வெள்ளாறு கடலில் சேரும் இடம் அது. முகத்துவாரத்துக்குக் குறுக்கே நீண்ட மணல்திட்டு ஒன்று இருப்பதால் உட்பக்கக் கரையில் அலை இல்லை. கூட்டமும் இல்லை. கள்ளக்குறிச்சியிலிருந்து மூன்று மணி நேரக் கார்ப் பயணம். கோமுகியில் மிஞ்சி ஓடும் தண்ணீர் வெள்ளாற்றில் கலந்து இங்கேதான் வந்து சேர்கிறது. நானும் மனைவியும் ஆண்டுக்கு ஒரு முறையாவது வருவோம். இந்த முறை மணலூர்பேட்டையில் வாழ்க்கைப்பட்ட என் அக்காவையும் அழைத்து வந்திருந்தோம். அறுபது வயதில் அவள் கடலைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

காரிலிருந்து இறங்கியதும் காதைத் தொட்டுப் பார்த்தாள்.

"இன்னாடா, சத்தமே வரல? மிஷினு கெட்டுப் போச்சா?"

"மிஷினு நல்லாத்தான் இருக்குது. இங்க அலை கம்மி."

"இதுக்கா இவ்ளோ தூரம் வந்தோம்? எங்க ஆத்துல தண்ணி வந்தா இத வுட ஜாஸ்தி சத்தம் வரும்."

காது மிஷின் மாட்டி மூன்று மாதம் ஆகியிருந்தது. அதற்கு முன் பல வருடம், கோயம்புத்தூரில் இருக்கும் மகள் போன் செய்தால் பக்கத்து வீட்டுப் பெண்தான் எடுத்துப் பேசுவாள். பேசி முடித்து அக்காவின் முகத்துக்கு நேராகக் கத்தி விஷயத்தைச் சொல்லுவாள். இப்போது அக்காவே எடுக்கிறாள். தினமும் சாயங்காலம் ஆறு மணிக்குப் போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள் என்று மகள் சொன்னாள்.

தண்ணீரில் இறங்குமுன் அக்கா மிஷினைக் கழற்றி, அதற்கென்று கொடுத்திருந்த திருகுமூடி டப்பாவில் போட்டு, அந்த டப்பாவைத் தயிர்ச்சோற்றுத் தூக்கின் மேல் கிண்ணத்தில் வைத்து மூடினாள். அவள் ஊர்ப் பெண்ணையாற்றில் தை மாதத் திருவிழாவுக்குப் போகிறவர்கள் சோற்றுத் தூக்கை ஈர மணலில் கழுத்துவரை புதைத்து வைப்பார்கள். சோறு கெடாது. குளிக்கும் பெண்கள் கம்மலையும் மூக்குத்தியையும் அதற்குள்ளேயே போட்டுவிடுவார்கள். மற்றவர் சோற்றில் யாரும் கை வைப்பதில்லை. அக்கா அதையே செய்தாள். தண்ணீரிலிருந்து இரண்டடி தள்ளிக் குழி பறித்துத் தூக்கைப் புதைத்து, மேலே ஒரு சவுக்குக் குச்சியை நட்டாள்.

நான் தடுக்கவில்லை. நீலப் படகின் மூக்குக்கு நேராகக் குச்சி இருக்கிறது என்று மனதில் குறித்துக்கொண்டேன். இடத்தைக் குறித்து வைப்பது பத்திரிகைக்குச் செய்தி எழுதிய காலத்துப் பழக்கம்.

கரையோரமாகவே முழங்கால் தண்ணீரில் வெகுதூரம் நடந்தோம். திரும்பி வந்தபோது மணி பன்னிரண்டு பத்து. குச்சி இல்லை. புதைத்த இடத்தில் தண்ணீர் நின்றது. நீலப் படகு மிதந்துகொண்டு, நங்கூரக் கயிற்றில் வேறு பக்கம் திரும்பியிருந்தது.

மூவரும் இறங்கிக் காலால் துழாவினோம். தண்ணீர் கலங்கியது. கரையில் நண்டு வலையைப் பிரித்துக்கொண்டிருந்த ஒரு பெண் வெகுநேரம் எங்களைப் பார்த்திருந்துவிட்டுக் கேட்டாள்.

"இன்னாம்மா தேடறீங்க?"

மனைவி சொன்னாள். அந்தப் பெண் வலையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள்.

"கடல்ல சோத்தப் பொதைச்சவங்கள இன்னிக்குத்தான் பாக்குறேன். மொளைக்கும்னு நெனச்சீங்களா? மேல வாங்க. கால வெச்சி மிதிச்சா இன்னும் ஆழம் போயிடும். தண்ணி எறங்கட்டும்."

"அந்தம்மா இன்னா சொல்லுது?" என்றாள் அக்கா.

"தண்ணி எறங்கற வரைக்கும் இருக்கச் சொல்றாங்க அண்ணி!" மனைவி காதருகே கத்தினாள்.

"எறங்கறதுக்கா? ஆத்துல ஏறிச்சின்னா நாலு நாளு ஆவுமே!"

"நாலு மணிக்கு எறங்கிடும். கடலுக்கு தெனம் இதே வேல," என்றாள் வலைக்காரப் பெண். அதையும் மனைவி கத்திச் சொன்னாள்.

சவுக்கு நிழலில் உட்கார்ந்தோம். அக்கா சொன்னாள். "ஆறு மணிக்கு அவ போன் பண்ணுவா."

நாலு மணிக்குள் தண்ணீர் இறங்கி ஈர மணல் தெரிந்தது. படகு மறுபடி தரைதட்டியது, காலையில் இருந்த இடத்தில் அல்ல. நான் குறித்து வைத்திருந்தது உதவவில்லை. அக்கா எழுந்து கரையிலேயே பெரிய சவுக்கு மரத்தில் முதுகை ஒட்டி நின்றாள். எதிர்க்கரையில் தனியாக நின்ற பனையைப் பார்த்துக்கொண்டே நேராக நடந்தாள். உதடு அசைந்தது. நிலத்தில் மடை திறக்கப் போகும்போதும் அடி எண்ணிக்கொண்டே நடப்பவள். காலையிலும் எண்ணியிருக்கிறாள். நாற்பத்தோராவது அடியில் குனிந்தாள்.

முதல் குழியில் ஒன்றும் இல்லை. ஒரு கை அகலம் தள்ளிப் பறித்ததில் மூடி தட்டுப்பட்டது.

"பரவால்லியே, சொந்த நெலம் மாதிரி அளந்து வெச்சிருக்கீங்க," என்றாள் வலைக்காரப் பெண்.

அக்காவுக்கு அது கேட்கவில்லை. தூக்குக்குள் உப்புத் தண்ணீர் புகுந்திருந்தது. டப்பாவை வெளியே துடைத்து, கையை முந்தானையில் துடைத்து, பிறகு திருகினாள். உள்ளே ஈரம் இல்லை. மிஷினை மாட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் தலையைச் சாய்த்து நின்றாள்.

"அங்க இன்னாமோ எரையுதே, அது இன்னா?"

"திட்டுக்கு அந்தாண்ட வெளிக்கடல். அலை அடிக்குது," என்றாள் அந்தப் பெண்.

அக்கா மேலும் பத்து நிமிடம் அங்கேயே நின்றாள். தயிர்ச்சோற்றைக் காக்கைகளுக்குக் கொட்டிவிட்டுக் கிளம்பினோம். விருத்தாசலம் நெருங்கும்போது அக்காவின் மடியிலிருந்த போன் அடித்தது. மணி ஆறு இரண்டு.