தண்ணி வந்துடுச்சு

நான் பயந்த கதையைச் சொல்வதென்றால் முதலில் என் வாயைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பயம் அங்கிருந்துதான் கிளம்பியது.

என் தம்பி பெங்களூரில் இருக்கிறான். போய் இருபது வருஷம் ஆகிறது. மயிலாப்பூரில் பிறந்து, மாட வீதியில் சைக்கிள் பழகி, இரண்டு முறை தேங்காய்க் கடைக்குள் விட்டு உதை வாங்கியவன். அவன் இப்போது பேச ஆரம்பித்தாலே "எங்க ஊர்ல" என்கிறான். அந்த "எங்க ஊர்" எது என்று புரிந்த நாளிலிருந்து எனக்கும் அவனுக்கும் சண்டை.

"உங்க ஊர்ல மழை பெஞ்சா லீவு. எங்க ஊர்ல மழை பெஞ்சா பஜ்ஜி" என்பான்.

நான் விடுவேனா? "நான் அடையாறிலேர்ந்து தி. நகர் போய், நாலு கடை ஏறி இறங்கி, புடவை எடுத்துட்டு வீட்டுக்கே வந்துடுவேன். அதுக்குள்ள நீ ஒரு சிக்னல் தாண்டியிருக்க மாட்ட" என்பேன். என்னுடைய பெரிய ஆயுதம் அவன் ஊர்ச் சாலைப் பள்ளங்கள். "உங்க ஊர்ப் பள்ளத்துல ஸ்கூட்டர் விழுந்தா எடுக்க கிரேன் கூப்பிடணுமாமே?" என்று கேட்டால் போதும். வேறு பேச்சுக்குத் தாவிவிடுவான்.

எங்கள் இருவருக்கும் நடுவில் அம்மா. எழுபத்து மூன்று வயது. ஒரு முழங்கால் ஆபரேஷன் ஆனது, ஒரு காது சரியாகக் கேட்காது. அடையாறில், ஆற்றுக்கு நாலு தெரு தள்ளி, தரைத்தள வீட்டில் என்னோடு இருக்கிறாள். நாங்கள் இரண்டு பேர்தான். வருஷத்தில் ஒரு மாதம் தம்பி வீட்டுக்குப் போய் வருவாள். ஊர்ச் சண்டையில் வெளியே நடுநிலை. உள்ளுக்குள் சுத்தமான மயிலாப்பூர்க்காரி. தம்பி வீட்டு சாம்பாரில் இனிப்பு இருக்கிறது என்று அவள் அவனிடம் சொன்னதில்லை. என்னிடம்தான், ஒவ்வொரு தடவையும், புதிதாகக் கண்டுபிடித்ததைப் போலச் சொல்வாள்.

ஒரு கோடையில் அவன் ஊரில் போர்வெல் எல்லாம் வற்றிப் போனது. அவர்கள் அடுக்குமாடியில் ஆளுக்கு ஒரு வாளித் தண்ணீர் என்று அளந்து விட்டார்கள். அதற்குச் சில வருஷம் முன்னால் எங்கள் ஏரிகள் வறண்டு, நாங்கள் குடத்தோடு லாரி பின்னால் ஓடியபோது, அவன் ஷவரில் குளித்ததை எங்களுக்கெல்லாம் அறிவித்தவன். சும்மா விட மனசு வரவில்லை. எங்கள் தெருவில் காலை ஐந்தரைக்குக் குழாயில் தண்ணீர் வரும். அது வந்த மறு நிமிஷம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இரண்டே வார்த்தை போடுவேன்: "தண்ணி வந்துடுச்சு." அவன் பல்லைக் கடிக்கும் பொம்மை ஒன்றைப் பதிலுக்குப் போடுவான். அந்தக் கோடை முடிந்த பிறகும் எனக்கு அந்தப் பழக்கம் போகவில்லை. எந்த ஊரில் யார் எழுந்தாலும் முதலில் பார்ப்பது அதைத்தான். குடும்பத்துக்கே அது காலை வணக்கம் ஆகிவிட்டது.

வெள்ளம் பற்றியும் நான் அடக்கமாகப் பேசியதில்லை. ஊரே முழுகிய அந்தப் பெரிய வெள்ளத்தில்கூட எங்கள் வாசற்படி நனையவில்லை. அதனால் ஒவ்வொரு மழைக்கும் தம்பி கேட்டால் ஒரே பதில்தான்: "டிவிக்காரன் ஒரு குட்டையையே நாலு நாள் காட்டுவான். எங்க தெருவுல ஒரு சொட்டு நிக்காது."

அந்த வருஷம் ஐப்பசியில் அம்மா பெங்களூர் போனாள். அவள் போன வாரமே மழைநீர் வடிகால் வேலை என்று எங்கள் தெருவைத் தோண்டினார்கள். தெருமுனையிலிருந்து உள்ளே வரும்போது இடது பக்கம், மூன்றாவது வீட்டுச் சுவரை ஒட்டி, ஆள் உயர ஆழத்தில் நீளமான பள்ளம். இரண்டு தகர டிரம்மை நிறுத்தி, சிவப்பு வெள்ளை நாடாவைக் கட்டிவிட்டுப் போனவர்கள் திரும்பி வரவில்லை. தினமும் போனில் அம்மாவிடம் பேசினேன். எதிர்வீட்டுப் பூனை குட்டி போட்டதைக்கூடச் சொன்னேன். பள்ளத்தை மட்டும் சொல்லவில்லை. அம்மாவிடம் சொன்னால் அது தம்பி காதுக்குப் போகும். பள்ளம் பள்ளம் என்று அவனை ஓட்டிய வாயால் எங்கள் தெருவிலும் பள்ளம் என்று எப்படிச் சொல்வது?

கார்த்திகையில் அம்மா திரும்பும் நாள் வந்தது. காலை ஆறு மணி ரயில். பதினொரு மணிக்கு சென்ட்ரலில் இறங்குவாள், நான் போய் அழைத்து வருவதாக ஏற்பாடு. முதல் நாள் சாயங்காலமே மழை பிடித்துக்கொண்டது. விடியும்போது கட்டிலிலிருந்து காலைக் கீழே வைத்தேன். தண்ணீருக்குள் வைத்தேன்.

அந்தக் குளிர்ச்சி இன்னும் என் பாதத்தில் இருக்கிறது. செருப்பு ஒன்று அறைக்கு நடுவில் மிதந்துகொண்டிருந்தது. ஃப்ரிட்ஜ் ஓடிக்கொண்டிருந்தது. கரண்ட் இருக்கிறது, தண்ணீரும் இருக்கிறது, நடுவில் நான் நிற்கிறேன் என்று புரிந்தது. கட்டிலுக்கு மேலேயே ஏறி, அதிலிருந்து நாற்காலி, நாற்காலியிலிருந்து மேஜை என்று தாண்டி மெயின் சுவிட்சை அணைத்தேன். பிறகு குழுவில் தட்டினேன். வேறு எதுவும் தோன்றவில்லை. நடந்தது எதுவோ அதைத்தான் எழுதினேன்: "தண்ணி வந்துடுச்சு."

ஐந்தே முக்காலுக்குத் தம்பி பல்லைக் கடிக்கும் பொம்மை போட்டான். கூடவே, "அம்மாவை ரயில் ஏத்திட்டேன். உன் தண்ணியை நீயே வெச்சுக்கோ" என்று எழுதியிருந்தான்.

அவன் குழாய்த் தண்ணீர் என்றே எடுத்துக்கொண்டிருக்கிறான். நான் எழுதியது எனக்கே வேறு அர்த்தத்தில் கேட்டது. உடனே அவனைக் கூப்பிட்டேன். வண்டி ஓட்டிக்கொண்டிருந்தான் போல, எடுக்கவில்லை. அம்மாவைக் கூப்பிட்டேன். அவளுடையது பட்டன் போன், சார்ஜ் தீர்ந்துவிடும் என்று ரயில் ஏறியதும் அணைத்து வைத்துவிடுவாள். மூன்றாவது தடவை முயற்சி செய்யும்போது என் போனில் சிக்னல் கோடுகள் ஒவ்வொன்றாகப் போய்விட்டன. டவர் போய்விட்டது.

ஒன்பது மணிக்குப் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தெருவில் இறங்கினேன். தொடை வரை தண்ணீர், காப்பி நிறத்தில். கையில் ஒட்டடைக் கம்பு. மெயின் ரோடு கொஞ்சம் மேடு, அங்கே முழங்காலுக்குக் கீழேதான். ஒரு மணி நேரம் நின்றேன். பஸ் இல்லை. வந்த இரண்டு ஆட்டோவும் சென்ட்ரல் என்று சொன்னதும் கையை விரித்துவிட்டுப் போயின. அம்மாவின் குணம் எனக்குத் தெரியும். பிளாட்பாரத்தில் பத்து நிமிஷம் பார்ப்பாள். ஆள் வரவில்லை என்றால் கோபித்துக்கொண்டு தானே ஆட்டோ பிடித்துக் கிளம்பிவிடுவாள். நான் எப்படியோ போய்ச் சேர்வதற்குள் அவள் இங்கே வந்துவிட்டால்?

திரும்பித் தெருவைப் பார்த்தேன். தகர டிரம்மைக் காணோம். நாடாவைக் காணோம். பள்ளத்தையும் காணோம். இந்தச் சுவர் முதல் அந்தச் சுவர் வரை ஒரே மட்டமாகத் தண்ணீர். அம்மா எப்போதும் தெருவில் இடது பக்கச் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடப்பாள், ஆபரேஷன் ஆனதிலிருந்து. அங்கேதான் தரை சமமாக இருக்கும் என்பது அவள் கணக்கு. அவள் ஊரைவிட்டுப் போன நாள் வரை அது உண்மையாகவும் இருந்தது.

ஸ்டேஷனுக்குப் போகும் எண்ணத்தை விட்டேன். பள்ளத்துக்குக் காவல் நிற்பது என்று முடிவு செய்தேன். அது ஒன்றுதான் என்னால் முடியும் என்று பட்டது. வலது பக்கமாகவே பள்ளத்தைத் தாண்டி நடந்து, இடது பக்கத்துக்குக் கடந்து, கம்பால் குத்திக் குத்திப் பார்த்து, கம்பு தரையைத் தொடாமல் இறங்கிய இடத்தில் நின்றேன். சுவரைப் பிடித்துக்கொண்டேன். மழை விட்டு விட்டுப் பெய்தது. காலில் என்னென்னவோ உரசிப் போயின. ஒவ்வொன்றும் பாம்பு என்று நினைத்தேன், பெரும்பாலும் பிளாஸ்டிக் பை. தெருமுனை மின்சாரப் பெட்டி பாதி முழுகியிருந்தது. கரண்டை எடுத்துவிட்டார்களா என்று கேட்க ஒரு ஆள் இல்லை, எல்லோரும் மாடிக்குப் போய்க் கதவைச் சாத்தியிருந்தார்கள். நான் வாய்விட்டு அழுதேன். அழுதுகொண்டே தம்பியைத் திட்டினேன், பிறகு என்னைத் திட்டிக்கொண்டேன். என்னைத் திட்டியதுதான் அதிக நேரம்.

பன்னிரண்டு மணிக்கு மேல் தெருமுனையில் ஒரு ஆட்டோ வந்து நின்றது.

அம்மா இறங்கினாள். கையில் மஞ்சள் பை. டிரைவர் நாற்பது வயது இருக்கும், தலையில் பாலித்தீன் கவரைக் கட்டியிருந்தார். "இன்னாம்மா இது, தெருவா ஆறா? இதுக்கு மேல வண்டி போவாது" என்று அவர் சொன்னது எனக்கே கேட்டது. அம்மா என்னைப் பார்த்தாள். முகம் மலர்ந்துபோனது. இடது பக்கச் சுவரில் கையை வைத்தாள். என்னை நோக்கி நேராக நடக்க ஆரம்பித்தாள்.

அப்போதுதான் என் மூளைக்கு எட்டியது. பள்ளத்துக்கு வீட்டுப் பக்க நுனியில் நான் நிற்கிறேன். அவள் ரோட்டுப் பக்கத்திலிருந்து வருகிறாள். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் இருப்பது முழுப் பள்ளமும். எச்சரிக்க வந்தவள் நான், நான் நிற்பதைப் பார்த்துத்தான் அவள் அந்த வழியாகவே வருகிறாள்.

"அம்மா, வராதே! நில்லு! நில்லு!" என்று கத்தினேன். மழைச் சத்தம், ஆட்டோ சத்தம், அவளுக்கோ ஒரு காது. கம்பைப் போட்டுவிட்டு, உள்ளங்கையைக் கீழே பார்க்க வைத்து, நில்லு நில்லு என்று இரண்டு கையாலும் அடித்து அடித்துக் காட்டினேன். நம் ஊரில் தூரத்திலிருந்து ஒருவரை வா வா என்று கூப்பிடுவதும் அதே மாதிரிதான். அம்மா தலையை ஆட்டினாள். "வரேன், வரேன். பறக்காதே" என்று சொல்லிக்கொண்டு வேகமாக நடந்தாள்.

சுற்றிக்கொண்டு ஓடலாம் என்று காலை எடுத்தேன். அவ்வளவு தண்ணீரில் ஓட முடியாது. முழங்கால் மடங்கி விழுந்தேன். வாயெல்லாம் சேறு. தலையைத் தூக்கியபோது அம்மாவுக்கும் பள்ளத்துக்கும் நடுவே இரண்டு அடிதான் இருந்திருக்கும். அவள் மேலே இருந்த கண்ணை நான் மூடிக்கொண்டேன். அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. மூடிக்கொண்டேன்.

"ஆயா! நில்லு! காலு வெக்காத!"

கண்ணைத் திறந்தேன். டிரைவர் பின்னாலேயே தாவி வந்து அம்மாவின் தோளைப் பிடித்து இழுத்திருந்தார். அம்மா அவர் மேலேயே சாய்ந்திருந்தாள். மஞ்சள் பை நழுவி, ஒரு கணம் மிதந்து, அப்படியே உள்ளே போய்விட்டது.

வலது பக்கச் சுவரைப் பிடித்து நான் அவர்களிடம் போய்ச் சேர்ந்தேன். மூன்று பேரும் ஆட்டோவுக்கு வந்தோம். நான் டிரைவரைப் பார்த்துக் கை கூப்பினேன். "அங்க தண்ணி சுழிச்சிக்கினு இருந்துச்சும்மா. சுழிச்சா கீழ பள்ளம் கீதுன்னு அர்த்தம். நான் ஆத்தோரம் பொறந்தவன்" என்றார் அவர். "இப்ப குடிசைய காலி பண்ணி எங்கள ஊருக்கு அந்தாண்ட கொண்டு போய் வெச்சிட்டாங்க. ஆனா தண்ணி மறக்குமா?" அம்மா என் கையை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

ஸ்டேஷனில் இறங்கியதும் அவள் தன் போனை ஆன் செய்திருக்கிறாள். மெயின் ரோட்டில் எங்கிருந்தோ கொஞ்சம் சிக்னல் கிடைத்தது போல, இடுப்புச் சுருக்குப் பையிலிருந்து அது அடித்தது. தம்பி. அம்மாவுக்கு எப்போதும் ஸ்பீக்கர்தான்.

"சேர்ந்துட்டியாம்மா? டிவியில என்னென்னமோ காட்டறானே, உங்க ஊரே முழுகினாப்ல?"

அம்மா தெருவைப் பார்த்தாள். பை போன இடத்தைப் பார்த்தாள். புடவையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"டிவிக்காரன் ஒரு குட்டையையே நாலு நாள் காட்டுவான்டா" என்றாள். குரல் கொஞ்சமும் பிசிறவில்லை. "நம்ம தெருவுல ஒரு சொட்டு நிக்கல."

என் வார்த்தை. அப்படியே என் வார்த்தை. அதை அவள் வாயில் கேட்டபோது, பள்ளத்துக்கு முன்னால் நின்றபோது வந்த பயம் திரும்ப வந்தது.

"அப்ப சரி" என்றான் தம்பி. "பாப்பாவுக்கு காலேஜ் லீவு விட்டுட்டாங்க. அத்தைகிட்ட போறேன்னு ஒரே பிடிவாதம். நாளைக்கு அதே ரயில்ல ஏத்தி விடறேன்."

பாப்பா அவன் ஒரே பெண். காதில் பாட்டை மாட்டிக்கொண்டு, போனைப் பார்த்தபடியே நடக்கிறவள்.

அம்மா கையிலிருந்து போனைப் பிடுங்கினேன். "டேய், தண்ணி வந்துடுச்சு" என்றேன்.

அவன் சிரித்தான். "தெரியும், தெரியும். காலையிலயே போட்டியே. சரி, இன்னிக்கும் நீயே ஜெயிச்ச."

"வீட்டுக்குள்ளடா" என்றேன்.

அவன் சிரிப்பு நின்றது. அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் பள்ளத்தைச் சொன்னேன், எத்தனை நாளாக இருக்கிறது என்பதைச் சொன்னேன், ஏன் சொல்லாமல் இருந்தேன் என்பதையும் சொன்னேன். இருபது வருஷத்தில் முதல் தடவையாக அவன் குறுக்கே பேசாமல் கேட்டான்.

"பாப்பாவை அனுப்பாதே" என்றேன். "பயமா இருக்குடா."