பாதிக் கிண்ணம்

எங்கள் வாவிக்கரைப் பள்ளிக்கூடங்களுக்குள் ஒவ்வொரு விளையாட்டுக்கும் ஒவ்வொரு விதமாகச் சம்பியனைத் தெரிவுசெய்வார்கள். ஓட்டத்தில் ஒருநாள் ஓடி வென்றால் போதும். வலைப்பந்து அப்படியில்லை. தவணை முழுவதும் எல்லாப் பள்ளிக்கூடங்களோடும் ஆட வேண்டும். வென்றால் இரண்டு புள்ளி, சமநிலையானால் ஒன்று. கூட்டிப் பார்த்து அதிகம் எடுத்தவர்களுக்கே கிண்ணம்.

எனக்கு எட்டு வயதான அந்த வருடம், கடைசி ஆட்டத்துக்கு முன் இரண்டு பள்ளிக்கூடங்கள் சமமாக நின்றன. ஒன்று எழுவான்கரையில் எங்களுடையது, அக்காதான் தலைவி. மற்றது வாவிக்கு அப்பால் படுவான்கரையில். அங்கே தலைவி மாமாவின் மகள், எங்கள் மச்சாள்.

இந்த இரண்டுக்கும் இடையில்தான் அந்தக் கடைசி ஆட்டம். அன்று பகலிலிருந்தே கச்சான் காற்று பேயாக வீசியது. தோணியில் வரவேண்டிய மச்சாளின் அணியைக் காணவில்லை. நேரம் கடந்ததும் நடுவராக வந்த ரீச்சர் அக்காவைக் கூப்பிட்டு, “வராத அணி தோத்த மாதிரித்தான் பிள்ளை. ரெண்டு புள்ளியும் உங்களுக்கு,” என்றார். நான் துள்ளிக் குதித்தேன். அக்காவோ, “கொஞ்சம் பொறுங்க ரீச்சர்,” என்று சொல்லிவிட்டுத் துறைக்கு ஓடினாள். அணி முழுவதும் அழுதபடி பின்னால் ஓடியது. ஆடாமலே வென்றவர்கள் எதற்காக அழ வேண்டும் என்று யோசித்துக்கொண்டே நானும் போனேன்.

வாவி வெள்ளை வெள்ளையாக நுரைத்துக் கிடந்தது. தோணி எதுவும் தெரியவில்லை. அக்கா இடுப்பளவு தண்ணீரில் இறங்கி நின்று மச்சாளின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

பொழுது சாயும் நேரம் வடக்கே கரையோரமாகச் சிலர் நடந்து வந்தார்கள். காற்று தோணியைத் தள்ளிக்கொண்டுபோய்க் கரைச் சேற்றில் வளரும் கண்ணாப் பற்றைக்குள் செருகிவிட்டதாம். எல்லோர் உடம்பிலும் சேறு. ஒருவரும் குறையவில்லை.

“எங்க கா போனீங்க?” என்று அக்கா மச்சாளைக் கட்டிக்கொண்டாள்.

“நாங்க தோத்துப்போனமா கா?” என்றாள் மச்சாள்.

எங்களோடு துறைக்கு வந்து நின்ற ரீச்சரை அக்கா பார்த்தாள். ரீச்சர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பால் துடைத்தார்.

“இனி ஆட வெளிச்சம் இல்ல. சமநிலையெண்டு வைப்பம், ஆளுக்கொரு புள்ளி. உனக்குச் சம்மதமா பிள்ளை?”

“ஓம் ரீச்சர்.”

அழுத கண்ணோடு இரண்டு அணியும் சிரித்தன. ஆறு மாதம் அங்கே, ஆறு மாதம் இங்கே என்று கிண்ணம் பாதியானது.

மச்சாளையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனோம். அவள் முன்னால் நடக்க, நான் அக்காவிடம் முணுமுணுத்தேன்: “இவங்க வராம இருந்திருந்தா முழுக் கிண்ணமும் நமக்குத்தானே?”

அக்கா எட்டி நடந்துபோய் மச்சாளை இறுக்கி அணைத்துக்கொண்டாள். நனைந்த பாவாடையில் காற்றுப் பட்டுக் குளிர்கிறதாக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.