மாற்றம் கேட்ட ரீச்சர்

எழுபதுகளில் விடத்தல்தீவில் எனக்கு ஆசிரியையாக முதல் நியமனம் கிடைத்தபோது எங்கள் வீடு செத்த வீடு மாதிரிக் கிடந்தது. யாழ்ப்பாணத்துப் பெட்டை, அதுவும் கலியாணம் பேசிக்கொண்டிருக்கிற பெட்டை, மன்னார்க் கரையில் தனியே போயிருப்பதா என்று அம்மா மூக்கைச் சிந்தினார். நானும் அங்கே போய்ச் சேர்ந்த கிழமையே ஊருக்கு மாற்றம் கேட்டு எழுதிப் போட்டேன்.

தந்தது முதலாம் வகுப்பு. கடற்காற்று மணலை அள்ளிக் கண்ணுக்குள் போட்டது. "சத்தம் போடாதேங்கோ!" என்று நான் போட்ட சத்தத்தில் என் தொண்டைதான் கட்டியது.

என் வகுப்புப் பிள்ளை ஒருத்தியின் தாய், கரையில் கருவாடு காயப்போடுகிறவர், விடியவே என் அறை வாசலில் மீன் வைத்துவிட்டுப் போவார். நான் மீன் தொடாத வீட்டில் வளர்ந்தவள். ஒருநாள் மறித்து, "அக்கா, நான் சைவம்" என்றேன்.

"ஓம் ரீச்சர், தெரியும். நாங்கள் மாதா கோயில் வேதக்காரர், நீங்கள் சைவம். அதுக்கு மீன் என்ன பாவம் செய்தது?"

எனக்குச் சைவம் என்றால் சாப்பாடு, அவருக்கு அது கோயில். விளங்கப்படுத்தினேன். தலையில் கை வைத்துவிட்டார்.

"மாதாவே! அப்ப இவ்வளவு நாளும் குடுத்த மீன்?"

"பூனைக்குப் போட்டனான்."

"விளைமீனைப் பூனைக்கோ!" என்று சிரித்துச் சிரித்து மணலில் இருந்துவிட்டார். அந்த ஞாயிறே புதுச்சட்டி வாங்கி, மீன் வாடை படாமல் எனக்குக் கத்தரிக்காய் சமைத்துத் தந்தார்.

வருஷக் கடைசியில் அவருடைய மகள் தகப்பனின் வள்ளத்துக்கு முன்னால் நின்று, அதில் எழுதியிருந்ததை "அ... ந்... தோ... னியார் துணை" என்று எழுத்துக் கூட்டி வாசித்தாள். வீட்டில் வேறு ஒருவருக்கும் வாசிக்கத் தெரியாது. தாய் அழுதார். அன்றைக்குத்தான் இந்த வேலை எனக்குப் பிடித்தது.

சனியன், அந்தக் கிழமையே மாற்றமும் வந்தது. யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே பெரிய பள்ளிக்கூடம். அம்மா பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தார்.

அந்தப் பிள்ளையின் தாய் தன் இளையவளைக் கையில் பிடித்தபடி வந்தார்.

"தையிலை இவளும் பள்ளிக்கூடம் வாறாள். ஆர் சொல்லிக் குடுக்கிறது?"

"வேறை ரீச்சர் வருவா."

"வருவினம். வந்த நாள் துவங்கி, போற பஸ்ஸைத்தான் பாத்துக்கொண்டிருப்பினம்."

கோபம் பொத்துக்கொண்டு வந்தது. உண்மையைச் சொன்னால் வராதா? ஆனால் அடுத்த நாளே தலைமை ஆசிரியரிடம் போய், மாற்றம் வேண்டாம் என்றேன். "பைத்தியமோ பிள்ளை?" என்றார். பேசி வைத்த சம்பந்தம் குழம்பியது. அம்மா கனகாலம் என்னோடு கதைக்கவில்லை. அதில் எனக்குக் கவலையே இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.

தையில் இளையவள் வந்தாள். முன் வரிசை வாங்கில் உட்கார்ந்து, சிலேற்றை மடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள்.

"ரீச்சர், நீங்களும் போயிடுவீங்களோ?"

"வாயைப் பொத்திக்கொண்டு 'அ' எழுது!" என்று அதட்டினேன்.

சிரித்துக்கொண்டு எழுதினாள்.